மனையும் வீடும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழை மக்களுக்கு வீடமைத்துத் தரும்பொருட்டு மத்திய அரசாங்கமும் மாநில அரசாங்கமும் வகுத்த நிதித் திட்டங்களிலே நம் கோயமுத்தூர் நகரம் பங்குகொண்டு வந்த வகையைப் பற்றிச் சிறிது பேசுமாறு சங்கத்துக் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பள்ளியிலே தமிழ் பயிற்றும் எமக்குச் செங்கல், சிமெண்டு, மானியம், தவணை என்பவற்றில் என்ன பயிற்சி என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. ஆயினும் சொல்லின் பொருளை ஆராய்தல் எமது தொழில். வீடு பற்றிய பேச்சில் முதற்கண் ஆராயவேண்டுவன சில சொற்களே என்று யாம் கருதுகின்றோம்.

‘மனை’ என்னுஞ் சொல்லைத் தமிழர் இரு பொருளில் வழங்குவர். கட்டி முடித்த இல்லமும் மனை. கட்டுதற்குரிய வெறுநிலமும் மனை. அம்மனைக்கு உரியவள் மனைவி. ‘குடி’ என்பதும் அத்தகையதே. அது குடும்பத்தையும் குறிக்கும். அக்குடும்பம் தங்கும் உறைவிடத்தையும் குறிக்கும். நிலம், சுவர், அதனுள் வாழும் மக்கள் ஆகிய மூன்றையும் நம் முன்னோர் ஒன்றாகவே வைத்து எண்ணினர் என்பது இச்சொற்களால் விளங்கும். இற்றைத் திட்டங்களோ சுவருக்குப் பணம் ஒதுக்குகின்றன. நிலத்தைப் பெரும்பாலும் பிறர் பொறுப்பில் விடுகின்றன. மக்களைப் ‘பயனாளிகள்’ என்று பெயரிட்டுப் பட்டியலிற் சேர்க்கின்றன. யாம் இன்று சொல்லக் கருதியது ஒன்றே. கோயமுத்தூரில் ஏழைக்கு வீடு அமையாமைக்குப் பணமின்மை இரண்டாங் காரணம், மனையின்மையே முதற்காரணம். அம்மனையைத் தேடித் தருவதில் அரசாங்கத்தார்க்கு உள்ள கடமையிற் சிறு பங்கேனும் நம் போன்ற சங்கங்களுக்கும் உண்டு.

நகரம் வளர்ந்த வகை

கோயமுத்தூர் 1866-ஆம் ஆண்டில் நகரசபையாயிற்று. 1888-இல் இங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1930-களின் தொடக்கத்திலே பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் வந்தபின், கரிசல் மண்ணிற் பஞ்சு விளைந்த இந்நாட்டில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. காடு பொய்த்துக் கிணறு வற்றிய ஊர்களினின்றும் நம்மவரும் பிறரும் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி ஆகிய இடங்களிலே ஆலையைச் சுற்றி லைன் வீடுகளும் வளவுகளும் எழுந்தன. ஒரு கிணறு, ஒரு வாசல், எதிரெதிரே பத்து வீடு என்றமைந்த அவ்வளவுகளிலேதான் உங்களிற் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் குடியிருந்தனர். பிற்காலத்தில் வார்ப்படச் சாலைகளும் பம்பு செய்யுந் தொழிற்சாலைகளும் பெருகின. 1981-இல் நகரம் மாநகராட்சியாயிற்று. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் முதலிய அயலூர்களையும் தன்னுள் அடக்கி 100 வார்டுகளாக விரிந்தது.

இவ்வளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஓர் அறிஞர் நம் நகரத்தைக் காண வந்தார் என்பது பலர் அறியாத செய்தி. ஸ்காத்லாந்து தேசத்தவராகிய பாட்ரிக் கெட்டஸ் என்பார் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றை நடந்து பார்த்து, 1915-இல் அவை பற்றி அறிக்கைகள் வரைந்தார். அவற்றுட் கோயமுத்தூரும் ஒன்று. நெருக்கமான தெருக்களை முற்றும் இடித்து நேரான சாலை போடுதலே நகர்த் திருத்தம் என்று அக்காலத்துப் பொறியாளர் பலர் கருதினர். கெட்டஸ் அவ்வாறு கருதிலர். புண்பட்ட இடத்தை மட்டும் மருத்துவன் அறுத்து நீக்குதல்போல, வாழத்தகாத சில வீடுகளை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றைப் பழுதுபார்த்து, குடிகளை அவர்தம் இடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பெருநோய்களுக்கு அஞ்சி நகரம் மேற்கே விரிந்த காலத்திலே இரத்தினசபாபதிபுரம் போன்ற அகன்ற வீதிகளையுடைய பகுதிகள் உண்டாயின. அவை வசதியுள்ளோர்க்கு நல்ல இருப்பிடங்களாயின. வசதியற்றோர் குளக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் இரயில் பாதையின் அருகிலும் தங்கினர். அவ்விடங்களுக்குக் கணக்கேட்டிலே ‘புறம்போக்கு’ என்று பெயர். நிலத்துக்கு இட்ட அப்பெயர் நாளடைவில் அதன்மேல் வாழும் மனிதரையும் ஏசுஞ் சொல்லாயிற்று. வேறென்ன இழிவு வேண்டும்?

திட்டங்கள் வந்த வரிசை

குடிசைப் பகுதிகளைத் திருத்துதற்காகத் தமிழ்நாட்டில் 1970-ஆம் ஆண்டில் குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது. சென்னையில் தொடங்கிய அதன் பணி பின்னர்ப் பிற நகரங்களுக்கும் பரவியது. அதுவே 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றம் பெற்றது. சாலை, சாக்கடை, குடிநீர் முதலிய வசதிகளுக்கு நகரசபைகள் கடன் பெறும்பொருட்டு 1988-இல் ஒரு நிதி அமைப்பு உண்டாயிற்று. 1996-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக உருமாறிற்று. ஆகவே வீட்டுக்கு ஒரு வழியும், வீட்டைச் சூழ்ந்த வசதிகளுக்கு வேறொரு வழியுமாகப் பணம் வந்துகொண்டிருந்தது.

இவ்விரண்டையும் ஒருங்கு சேர்க்க முயன்றது 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம். இந்தியா முழுவதிலும் 65 நகரங்கள் அதிற் சேர்க்கப்பட்டன. தமிழ்நாட்டிலே சென்னை, மதுரை, கோயமுத்தூர் என்னும் மூன்று நகரங்களுக்கே அப்பேறு வாய்த்தது. அத்திட்டத்தின் ஒரு கிளை நகர்ப்புற ஏழைகளுக்கு அடிப்படை வசதிகள் செய்து தருவது. நம் நகரத்தின் அளவையுடைய ஊர்களுக்கு அக்கிளையிலே செலவிற் பாதியை மத்திய அரசாங்கம் தந்தது. மறுபாதியை மாநில அரசாங்கமும் உள்ளூர் அமைப்புகளும் பயனாளிகளும் ஏற்கவேண்டியிருந்தது. வீட்டை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது என்றும், பயனாளி குறைந்தது நூற்றுக்கு 12 பங்கும், தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர் முதலிய நலிந்த பிரிவினராயின் நூற்றுக்கு 10 பங்கும் செலுத்தவேண்டும் என்றும் விதி இருந்தது.

இங்கே ஒரு நுட்பம் உளது. பணத்தைப் பெறும் நகரம் சில சீர்திருத்தங்களைச் செய்வதாக உடன்படிக்கை எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஏழைகளுக்கு இருப்பிட உறுதி, கட்டுப்படியாகும் விலையில் வீடு, குடிநீர், துப்புரவு, கல்வி, மருத்துவம், சமூகப் பாதுகாப்பு ஆகிய ஏழும் கிடைக்கச் செய்தலே அதன் நோக்கம். நகரசபையின் வரவு செலவுத் திட்டத்தில் ஏழைகளுக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்குதலும், புதிய குடியிருப்புத் திட்டங்களிலே நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு நிலத்தை ஏழைகளுக்கும் குறைந்த வருவாயினர்க்கும் ஒதுக்குதலும் அச்சீர்திருத்தங்களுள் அடங்கின. கட்டடத்தைக் கண்ணாற் காணலாம். ஆதலின் பத்திரிகைகளும் மேடைகளும் கட்டடத்தையே பேசின. உடன்படிக்கையிற் கண்ட நிலத்தைப் பற்றிப் பேசினவர் சிலரே. நம் நகரைச் சூழ எத்தனை எத்தனை மனைப்பிரிவுகள் எழுந்தன! அவற்றுள் ஏழைக்கென்று விட்ட மனைகளை உங்கள் கைவிரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

கண்கூடாகக் கண்ட விளைவுகள்

அத்திட்டத்தின்கீழும் அதன்பின் வந்த திட்டங்களின்கீழும் உக்கடம், அம்மன்குளம், கீரணத்தம், வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி முதலிய இடங்களிலே அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. ஒழுகும் ஓலைக்கூரையின்கீழ் இருந்தவர்க்குக் காரைக்கூரையும், தனிக் கழிப்பறையும், மின்விளக்கும் கிடைத்தன. மழைக்காலத்தில் வாய்க்கால் நீர் வீட்டினுள் புகுமோ என்று இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு அது பெரும் பேறே. அந்நன்மையை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆயினும் குறைகளையுஞ் சொல்லுதல் கடன். அம்மன்குளத்தில் எழுப்பிய கட்டடங்களிற் சில 2010-ஆம் ஆண்டிலே மண்ணில் அழுந்தின. அப்பெயரே அஃது ஒரு காலத்தில் நீர்நிலை என்பதை உணர்த்தி நிற்கின்றது. மேட்டு நிலம் விலையேறிவிட்ட ஊரிலே ஏழைக்குக் கிடைப்பது பள்ள நிலமே. கட்டடத்தின் அடிப்படை உறுதியாக வேண்டுமாயின் முதலில் மனை நல்லதாதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இரண்டாவது குறை தூரம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம் முதலிய நீர்நிலைகளின் கரைகளிலே பல தலைமுறையாக இருந்த குடிகள் பலர் அகற்றப்பட்டு, நகரின் எல்லைப்புறத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். நம் நகரம் 2016-இல் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதற் பட்டியலிலேயே இடம்பெற்றது. அதன்கீழ்க் குளக்கரைகள் நடைபாதைகளும் விளக்குகளும் அமைந்து அழகு பெற்றன. குளங்கள் நீர் நிற்பதற்குரியன. அவற்றின் கரையைக் காத்தல் தக்கதே. ஆனால் அங்கிருந்தவர் செய்த தொழில் யாது? சந்தையிலே மூட்டை சுமத்தல், தெருவிலே பூவும் காயும் விற்றல், நகரத்து வீடுகளிலே பாத்திரம் துலக்கல், தெருக் கூட்டல். இத்தொழில்கள் யாவும் விடியற்காலையில் நகரத்தின் நடுவிலே தொடங்குவன. கீரணத்தம் வடக்கே உளது. மலுமிச்சம்பட்டி தெற்கே பொள்ளாச்சிச் சாலையில் உளது. வைகறை 4 மணிக்குச் சந்தையில் நிற்கவேண்டியவன் எப்பேருந்தில் ஏறி வருவான்? சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்கு 2021-இல் கட்டண விலக்கு அளிக்கப்பட்டது பெரிய உதவி. ஆயினும் கட்டணத்தை விலக்கலாம். நாழிகையை விலக்க இயலாது.

ஆசிரியர்க்கு இதன் வேறொரு பக்கமும் தெரியும். பள்ளியாண்டின் நடுவிலே, அரையாண்டுத் தேர்வுக்கு முன்னர், ஒரு வகுப்பிற் சில பிள்ளைகள் திடீரென்று வாராது நின்றுவிடுவர். விசாரித்தால், “அவங்க வூட்டக் காலி பண்ணி அந்தப்பக்கம் கொண்டு போயிட்டாங்க, சார்” என்று பக்கத்திலிருந்த பையன் சொல்வான். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பெற்றோர் வரும்போது திங்கள் இரண்டு கழிந்திருக்கும். அதற்குள் அப்பிள்ளைகளிற் சிலர் பட்டறைக்குப் போயிருப்பர். வீடு கிடைத்தது, கல்வி போயிற்று. குடிபெயர்ப்பைக் கோடை விடுமுறையிலே செய்வதற்கு ஒரு காசும் மிகுதியாகச் செலவாகாது அன்றோ? புதிய இடத்தில் பள்ளியும் பாலர் நிலையமும் திறந்த பிறகே குடிகளை அழைத்துச் செல்லலாமன்றோ?

2 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய்

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறக் கிளை தொடங்கிற்று. அதிலே ஒரு பிரிவு, தமக்குச் சொந்த மனை உடையவர் தாமே வீடு கட்டிக்கொள்ள மானியம் தருவது. ஆண்டு வருவாய் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும், இந்நாட்டில் எங்கும் தமக்கு நிலையான வீடு இல்லாமலும் இருப்பவர் அதற்கு உரியர். மத்திய அரசாங்கம் 1,50,000 ரூபாயும் தமிழ்நாட்டு அரசாங்கம் 60,000 ரூபாயும் ஆக 2,10,000 ரூபாய், பணி நிறைவேறுதற்கேற்பத் தவணையாக வழங்கப்பட்டது. வீடு குடும்பத்துப் பெண்ணின் பெயரிலாவது, கணவன் மனைவி இருவர் பெயரிலாவது இருத்தல் வேண்டும் என்பது விதி. மனைவி என்னுஞ் சொல்லின் பொருளை இவ்விதி ஒருவாறு மீட்டுத் தந்தது என்று யாம் மகிழ்கின்றோம்.

இனிக் கணக்குப் பாருங்கள். அப்பிரிவினர்க்கு வகுத்த அளவு 30 சதுர மீட்டர் தரைப்பரப்பு; ஏறக்குறைய 323 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று சிக்கனமாகக் கொண்டாலும் 6,46,000 ரூபாய் ஆகும். மானியம் போக 4,36,000 ரூபாய் எஞ்சும். வங்கியிலே கடன் பெறச் சம்பளச் சீட்டு வேண்டும். சித்தாள் வேலை செய்பவளுக்குச் சீட்டுத் தருவார் யார்? ஆகவே தனியாரிடம் நூற்றுக்கு மூன்று வட்டியில் 4 இலட்சம் வாங்குகின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் வட்டி மட்டும் 12,000 ரூபாய். அவளும் கணவனும் சேர்ந்து உழைத்தாலும் அவ்வட்டி போகச் சோற்றுக்கு என்ன மிஞ்சும்? வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியோர் சொன்னது அனுபவத்தின் வாக்கு. மானியம் பெற்றுச் சுவரெழுப்பிக் கூரையில்லாது நிற்கும் வீடுகளின் காரணம் இப்போது விளங்கும்.

இக்கணக்கும் மனையுடையவளுக்கே பொருந்தும். மனையில்லாதவள் விண்ணப்பமே எழுத இயலாது. நம் சங்கத்துக்கு உதவி நாடி வந்த மூதாட்டி ஒருவர், “காசு வருதுங்கறாங்க சாமி, எடத்தக் காட்டுன்னா எங்கீங்க போறது?” என்று கேட்டார். திட்டத்தின் குறை முழுவதும் அவ்வொரு வினாவில் அடங்கிற்று. மனையிருந்தும் உரிமை நாட்ட இயலாதவர் வேறொரு சாரார். பாட்டன் பெயரிலே கூட்டுப் பட்டா, பங்காளிகள் எழுவர், பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியதில்லை, நத்தத்து நிலத்துக்குப் பட்டாவே வாங்கியதில்லை. கொங்கு நாட்டு ஊர்களிலே இந்நிலையிலுள்ள குடும்பங்களை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். வழக்கு ஒன்றுமில்லை; வழக்கில்லாமையால் ஆவணமும் இல்லை. பங்காளிகளிடையே நம்பிக்கை இருந்தமையால் எழுதாது விட்டனர். அந்நம்பிக்கையே இன்று மானியத்துக்குத் தடையாய் நிற்கின்றது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அத்திட்டத்தின் இரண்டாம் பகுதி தொடங்கிற்று. நகர்ப்புறங்களில் ஒரு கோடிக் குடும்பங்களுக்கு உதவுவது அதன் இலக்கு. ஆண்டு வருவாய் 9 இலட்சம் வரையுள்ள நடுத்தரக் குடும்பத்தாரையும் அது ஒருவாறு சேர்த்துக்கொண்டது. அதனினும் சிறப்பு, வாடகை வீட்டுக்கு அதில் தனிப்பிரிவு உண்டு. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஊர்ப்புறங்களுக்கெனக் கலைஞரின் கனவு இல்லம் என்னுந் திட்டத்தை அறிவித்து, வீடொன்றுக்கு 3,50,000 ரூபாய் என்று வகுத்தது. அதற்கும் பட்டா வேண்டும். நகரத்துத் திட்டமாயினும் சரி, ஊர்ப்புறத்துத் திட்டமாயினும் சரி, வாயிற்படியில் நின்று கேட்கும் முதற் கேள்வி ‘மனை உண்டா?’ என்பதே.

பிற நாட்டிற் கண்ட வழி

இதனைத் தீர்த்த நாடுகள் உண்டா என்று கேட்பீர்கள். நம்மவர் பலர் சென்று பிழைக்கும் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1966-இல் நிலத்தை அரசாங்கம் பொதுக்காரியத்துக்கு எடுத்துக்கொள்ளும் சட்டம் இயற்றப்பட்டது. 1968-இல் தொழிலாளர் தம் சேமநிதியைக் கொண்டே வீட்டு விலையைச் செலுத்தலாம் என்று விதித்தனர். நிலத்துக்கு ஒரு வழியும், எஞ்சும் தொகைக்கு ஒரு வழியும் ஆக இரண்டையும் அவர்கள் கண்டனர். வீட்டுக்கு அருகே சந்தையும் பள்ளியும் அமைத்தனர். அது சிறிய தீவு. அதன் ஆட்சிமுறை வேறு. நிலம் இழந்தோர்க்கு அங்கே மனக்குறையும் இருந்தது. எல்லாவற்றையும் நாம் பின்பற்ற இயலாது; வேண்டுவதுமில்லை. ஆயினும் ‘நிலம், எஞ்சுந் தொகை, தொழிலுக்கு அண்மை’ என்னும் மூன்றையும் ஒருங்கே எண்ணாத திட்டம் நிறைவு பெறாது என்பதை அந்நாட்டினின்று கற்கலாம்.

நாம் செய்யத்தக்கவை

அரசாங்கத்தார் செய்யவேண்டுவனவற்றை மேடையிற் சொல்லிக் கைதட்டுப் பெறுதல் எளிது. சங்கத்தார் செய்யவேண்டுவனவற்றைச் சங்கத்தார் முன்னிலையிலே சொல்லுதல் சிறிது கடினம். எம் வயதுக்கும் தொழிலுக்கும் இரங்கிப் பொறுத்தருள வேண்டும்.

முதலாவது, ஆவணப் பணி. நம் சங்கத்திலே வழக்கறிஞர் உளர். ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் உளர். பத்திரம் எழுதுவோர் உளர். திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இக்கட்டடத்திலே அமர்ந்து, கூட்டுப் பட்டாவைப் பிரித்தல், வாரிசுச் சான்று பெறுதல், நத்தம் பட்டாவுக்கு விண்ணப்பித்தல் ஆகியவற்றை எளியவர்க்கு எழுதிக் கொடுத்தால், பத்தாயிரம் ரூபாய் நன்கொடையினும் அது பெரிய தருமம். பங்காளிகளை அழைத்துப் பேசிக் கையெழுத்து வாங்குவதில் அரசாங்க அலுவலரினும் ஊர்ப் பெரியவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி.

இரண்டாவது, கடன் நிதி. நம் சங்கம் கலியாண மண்டபத்துக்கு இரண்டாம் மாடி எடுக்க நிதி திரட்டி வருகின்றது. மண்டபம் வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. அந்நிதியில் ஒரு பகுதியைப் பிரித்து, மானியம் பெற்றும் கூரை போடமாட்டாத குடும்பங்களுக்கு வட்டியின்றியாவது, சிறு வட்டிக்காவது கடன் தரலாமே என்று கேட்கின்றோம். ஒருவர்க்குக் கொடுத்த கடன் திரும்பி வந்து மற்றொருவர்க்குப் போகும். மாடி ஒரே இடத்தில் நிற்கும். இந்நிதியோ வீடுதோறும் நடக்கும். வீட்டில்லாதவன் தன் மகளை எம்மண்டபத்தில் மணஞ்செய்து கொடுத்தாலும், மறுநாள் அவளை எங்கே மறுவீடு அழைப்பான்?

மூன்றாவது, வாடகை. உங்களிற் பலர்க்கு வளவுகளும் லைன் வீடுகளும் உண்டு. வடநாட்டினின்றும் பிற மாவட்டங்களினின்றும் நம் வார்ப்படச் சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் வந்து உழைப்பவர் ஓர் அறையில் பலராய்த் தங்குகின்றனர். நம் நாட்டவரேயாயினும், வீடு கேட்டு வருபவனிடம் முதலிற் சாதியைக் கேட்டு, நம்மவனல்லன் என்று தெரிந்தவுடன் ‘வீடு காலியில்லை’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதனை மறைப்பதாற் பயனில்லை. நம் முன்னோர் ஊரைவிட்டு ஆலைக்கு வந்த நாளில், அவரையும் யாரோ ஒருவர் தம் வளவிலே இருத்தினர். அன்று அவ்வாயில் அடைபட்டிருப்பின் இன்று இச்சங்கம் இல்லை. வாடகை ஒழுங்காய்த் தருவானா, வீட்டைத் தூய்மையாய் வைப்பானா என்று கேளுங்கள். அவை தக்க கேள்விகள். குலத்தைக் கேட்டல் தகாது. அரசாங்கம் வாடகை வீட்டுக்குத் தனிப்பிரிவு வைத்தாலும், நம் உள்ளத்திலே அதற்கு இடமில்லையாயின் பயன் என்ன?

நான்காவது, இதனோடு ஒட்டியது. அடுக்குமாடிக் குடியிருப்பு நம் தெருவுக்கு அருகே வரப்போகின்றது என்று கேள்வியுற்றவுடன், ‘மனை விலை குறைந்துவிடும், கூட்டம் சேர்ந்துவிடும்’ என்று மனு எழுதும் வழக்கம் பெருகி வருகின்றது. அம்மனுக்களில் நம்மவர் கையெழுத்தும் காணப்படுகின்றது. ஏழைக்கு வீடு வேண்டும் என்று மேடையிற் பேசுவதும், அவ்வீடு நம் பக்கத்தில் வேண்டாவென்று மனுவில் எழுதுவதும் ஒரு வாயின் இரு பேச்சு. குடிகள் எல்லைப்புறத்துக்குத் தள்ளப்படுவதற்கு நில விலை ஒரு காரணமாயின், நம் கையெழுத்து மற்றொரு காரணம்.

ஐந்தாவது, பெண்ணுரிமை. வீடு பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்னும் விதியைச் சிலர் வெறுங் காகிதத்துக்காக நிறைவேற்றி, பின்னர் அடகு வைக்கும்போது அவளைக் கேளாமலே கைநாட்டு வாங்குகின்றனர். மாதர் சங்கத்துச் சகோதரிகள் இதனைக் கவனித்தல் வேண்டும். பத்திரத்திற் பெயருள்ளவள் பத்திரத்தைத் தன் பெட்டியில் வைத்திருத்தலும், அதிலெழுதிய எல்லையும் அளவும் இன்னவென்று அறிந்திருத்தலும் இன்றியமையாதன. எழுத்தறியாதவர்க்கு அதனை வாசித்துக் காட்டும் பணியை மாதர் சங்கம் மேற்கொள்வதாயின், வேண்டும் பயிற்சியை யாம் அளிப்போம்.

முடிவுரை

மகாஜனங்களே! டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பணத்துக்கு நம் நகரம் பலமுறை கைநீட்டிற்று, பெற்றது, கட்டிற்று. அதனால் விளைந்த நன்மையும் உண்டு, குறையும் உண்டு. இனிவரும் திட்டங்களிலே நம் மாநகராட்சி பங்குகொள்ளும்போது, எத்தனை வீடு என்னும் எண்ணோடு, எந்த நிலத்தில், தொழிலுக்கு எத்தனை தூரத்தில், யார் பெயரில் என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். நம் வார்டு உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்பொழுது இம்மூன்று வினாக்களையும் கேளுங்கள். அதற்கு முன்னர் நம் சங்கத்தின் கணக்கேட்டைத் திறந்து, நாம் எத்தனை குடும்பத்துக்கு ஆவணம் எழுதிக் கொடுத்தோம், எத்தனை கூரைக்குக் கடன் கொடுத்தோம் என்பதையும் பார்ப்போமாக.

‘வீடு’ என்னுஞ் சொல் ‘விடு’ என்பதன் அடியாகப் பிறந்தது. துன்பத்தினின்று விடுபடுதல் என்பது அதன் பொருள். மறுமையில் எய்தும் வீட்டைப் பற்றிப் பெரியோர் மிகுதியாகச் சொல்லியுள்ளனர். மழையிலும் வெயிலிலும் நின்று விடுபட இம்மையில் ஒரு வீடு வேண்டும் என்று ஏங்குவோர் நம் ஊரிலேயே உளர். அவர்க்கு ஒரு மனையைக் காட்டுவதற்கு அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு காரியதரிசி அவர்களை வேண்டுகின்றோம்.